குடைந்த கல்லா, புடைத்த கல்லா? ரோமானியரின் இரண்டு மணிக்கலைகள்

பாரிசில் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் சேகரிப்பில் இரண்டு ரோமானியக் கற்கள் இருக்கின்றன. ஒன்று 31 செ.மீ. உயரமுள்ள ‘பிரான்சின் பெரிய கேமியோ’. இன்னொன்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அக்வாமரின், வெளிர்நீல மணிக்கல். பெரியதில் உருவங்கள் புடைத்து நிற்கும், அது கேமியோ. சின்னதில் உருவம் கல்லுக்குள் குழிவாகக் குடையப்பட்டிருக்கும், அது இன்டாலியோ. எதை அதிக நேரம் பார்ப்பாய் என்று கேட்டால், நான் சின்னதின் பக்கம்.

பெரியதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஐந்தடுக்கு சார்டோனிக்ஸ், அதாவது நிறம் நிறமாய் அடுக்குகள் கொண்ட கல். நடுவே பேரரசர் திபேரியஸ், மேலே தெய்வமாகிவிட்ட முதல் பேரரசர் அகஸ்டஸ், காலடியில் கைதிகள் என்று இருபதுக்கும் மேற்பட்ட உருவங்கள். வெள்ளை அடுக்கு முகமாகிறது, பழுப்பு அடுக்கு முடியும் உடையுமாகிறது. ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் வெள்ளை போய்விடும், திரும்பி வராது. இவ்வளவு பெரிய கல்லும் இவ்வளவு உழைப்பும் அரண்மனைக்குத்தான் கட்டுப்படியாகும். வேலையும் அரண்மனைக்கானதுதான்: பேரரசர் குடும்பத்தின் பெருமையைச் சொல்வது.

இன்டாலியோ அடிப்படையில் முத்திரை. மெழுகில் அழுத்தினால்தான் சரியான படம் வரும். ஆகவே எல்லாவற்றையும் இடவலம் மாற்றி, பள்ளத்தை மேடாக மனதில் கண்டு குடைய வேண்டும். வில்லால் சுழலும் மெல்லிய துரப்பணம், எண்ணெயில் குழைத்த குருந்தம் என்ற கடினக் கல்லின் தூள், இவைதான் கருவிகள். கல்லை அறுப்பது இரும்பு அல்ல, அந்தத் தூள்.

மோதிரத்தில் பதித்த அந்தச் சின்னப் பள்ளம் அதை அணிந்தவரின் கையெழுத்து. அகஸ்டஸ் முதலில் மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்ஸ் உருவத்தையும் அப்புறம் அலெக்சாந்தரின் முகத்தையும் முத்திரையாக வைத்திருந்தார். கடைசியில் தியோஸ்குரிதெஸ் என்ற கலைஞர் செதுக்கிய தன் சொந்த முகத்துக்கு மாறினார். சார்டோனிக்ஸ் மெழுகைப் பிய்த்துக்கொண்டு வராது, அதனால் முத்திரைக்கு ஏற்றது என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி.

பேரரசருக்கு மட்டுமல்ல, சாதாரணப் படைவீரனுக்கும் இது கிடைத்தது. வேல்ஸ் நாட்டின் கேர்லியனில், ரோமானியப் படைமுகாமின் குளியல்கூடச் சாக்கடையில் 88 செதுக்குக் கற்கள் கிடைத்தன. நீராவியில் பசை இளகி, மோதிரத்திலிருந்து கழன்று விழுந்தவை. குளித்துவிட்டு வந்து வெறும் மோதிரத்தைப் பார்த்த ஒருவரை நினைத்தாலே மனசு கனக்கிறது. கேமியோ எதுவும் ஒரு மனிதரை எனக்கு இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்ததில்லை.

பாரிஸ் அக்வாமரினில் இருப்பவள் பேரரசர் தீத்தஸின் மகள் ஜூலியா. செதுக்கிய எயுவோதோஸ் தன் பெயரையும் பொறித்திருக்கிறார். நெற்றிக்கு மேல் சுருள் சுருளாக எழும் கொண்டை, காதணி, கழுத்தணி எல்லாம் ஒளி ஊடுருவும் கல்லுக்குள். அக்வாமரின் பெரில் இனக் கல். பெரில் இந்தியாவில் விளைவது, வேறெங்கும் அரிது என்று எழுதியிருக்கிறார் பிளினி. நம் கொங்கு நாட்டுப் படியூரும் பெரிலுக்குப் பேர்போன ஊர்தான்.

பாரிஸ் போனால் பெரிய கேமியோவை எட்டி நின்று முழுதாகப் பாருங்கள், அதற்கு அதுதான் முறை. ஜூலியாவுக்குக் கண்ணாடியை ஒட்டி நின்று, வெளிச்சம் கல்லின் பின்னாலிருந்து வருகிற மாதிரி கொஞ்சம் குனிய வேண்டும்.