ரேம் டியூனிங் என்று பணம் வாங்கிக்கொண்டு என் கோப்புகளைச் சிதைத்தார்கள்

ரேமின் வேகத்தையும் டைமிங்குகளையும் (தரவைத் தருமுன் ரேம் காத்திருக்கும் அளவுகள்) மாற்றிக் கணினியைப் பறக்கவைப்பதாகச் சொல்லித் தனிக்கட்டணம் கேட்பவரிடம் பணம் கொடுக்குமுன், எனக்கு நேர்ந்ததைப் படித்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது 3200 வேகத்துக்கும் சிஎல்16 டைமிங்குக்கும் உரியதென்று விற்கப்பட்ட டிடிஆர்4 வகை ரேம். சிஎல் என்பது முக்கியமான டைமிங் எண். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ரேமை விற்கப்பட்ட வேகத்திலேயே ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு இயக்கப்படாததால் அது 2133 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது, டியூனிங் செய்ய வந்தவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நிலையிலேயே முதலில் வேகத்தை அளக்கும் ஒரு பெஞ்ச்மார்க் ஓட்டினார். பிறகு 3600 வேகம், சிஎல்14, 1.5 வோல்ட் என்று அமைத்து மறுபடியும் ஓட்டி, இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்ததால் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டேன்.

ஏமாற்று அந்த ஒப்பீட்டில்தான் இருந்தது. 2133-லிருந்து 3200-க்குப் போனாலே ஒரு சேனலின் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான தரவுப் பாதை) உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 17 ஜிபியிலிருந்து 25.6 ஜிபியாக உயரும். அதற்கு பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கினால் போதும், ஒரு நிமிட வேலை. அதற்கு மேல் அவர் செய்ததன் பயன் சொற்பம். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி ரேமின் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோநொடியில் கிடைக்கும்: 3200 சிஎல்16-க்கு 10, அவர் வைத்ததற்கு சுமார் 7.8. பிராசஸரே தடையாக இருக்கும் விளையாட்டுகளில் இந்தக் குறைவு ஓரளவு உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான் விளையாடும் தெளிவுத்திறனில் கிராபிக்ஸ் கார்டுதான் திணறுகிறது என்பதால், எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

பதினோராம் நாள் ஒரு புகைப்படத்தைத் திறந்தேன். மேல்பாதியில் என் மகளின் முகம் இருந்தது; கண்ணுக்குக் கீழே முழுவதும் சாம்பலும் ஊதாவுமாகப் பட்டைகள். அதே வாரம் சுருக்கி வைத்திருந்த இரண்டு ஜிப் கோப்புகளும் பிழை காட்டித் திறக்க மறுத்தன. கோப்பை நகலெடுக்கும்போது தரவு ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால் அந்தப் பிழையே வட்டில் எழுதப்படும், சாதாரண ரேமில் அதைக் கண்டறிந்து தெரிவிக்கும் வசதி இல்லை. என் பேக்கப்பிலும் சிதைந்த நகல்களே சேர்ந்திருந்தன.

ரேமில் பிழை உண்டா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓட்டியபோது முதல் சுற்றிலேயே பிழைகள் வரிசையாக வந்தன. அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "விண்டோஸ் ஒழுங்காத்தானே திறக்குது, அப்புறம் என்ன சார்?" என்றார், அதன்பின் என் அழைப்பை எடுக்கவே இல்லை. விண்டோஸ் திறப்பது எதற்கும் சான்றாகாது. டைமிங்கை இறுக்கியவர் குறைந்தது ஓர் இரவு முழுவதுமாவது சோதனை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவரோ அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்.

எனவே யாராவது இந்த வேலைக்கு வந்தால், எக்ஸ்எம்பி இயங்கும் நிலையில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிழையின்றி முடிந்த மெம்டெஸ்ட் முடிவைக் கண்ணால் பார்க்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். பழைய பேக்கப் ஒன்றைத் தனியே கழற்றி வைத்துவிடுங்கள்.

இப்போது பயாஸை மீட்டமைத்து எக்ஸ்எம்பியை மட்டும் இயக்கியிருக்கிறேன். மெம்டெஸ்ட்டின் நான்கு சுற்றுகளும் பிழையின்றி முடிந்தன. அந்தப் பதினோரு நாட்களில் கணினியில் ஏற்றிய புகைப்படங்களில் பலவற்றை மீட்க முடியவில்லை. கேமராவின் கார்டை அதற்குள் அழித்துவிட்டிருந்தேன்.