கட்டுமானத் தகராறு: குழுவா, அட்ஜுடிகேஷனா, நடுவர் மன்றமா, நீதிமன்றமா?

அடித்தளம் தோண்டும்போது மண் பரிசோதனை அறிக்கையில் சொல்லாத பாறை தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பைலிங் (அடித்தளத் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் வேலை) 75 நாள் தள்ளிப்போகிறது. காண்ட்ராக்டர் கெடு நீட்டிப்பும் கூடுதல் தொகையும் கேட்கிறார். உரிமையாளரோ அடுத்த பில்லிலேயே தாமத அபராதத்தைப் பிடித்துக்கொள்கிறார். இதை எங்கே கொண்டுபோவது? ஒப்பந்தத்தின்படி அமையும் தகராறுக் குழு, சில நாடுகளில் சட்டமே தரும் அட்ஜுடிகேஷன் (ஒரு தீர்ப்பாளர் விரைவாகத் தரும், இறுதியல்லாத முடிவு), இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அமைக்கும் நடுவர் மன்றம், நீதிமன்றம் என நான்கு வழிகள் உண்டு. சமரசப் பேச்சை ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டியதில்லை. அது எந்த வழியோடும் கூடவே நடக்கக்கூடியது.

வேலை இன்னும் ஓடுகிறதா, முடிந்துவிட்டதா என்பதை வைத்தே தேர்வு அமையும். ஓடுகிற வேலையில் காண்ட்ராக்டருக்குத் தேவை கையில் பணம். இறுதித் தீர்ப்பு பிறகு வந்தாலும் போதும். முடிந்த வேலையில் நிலைமை தலைகீழ்.

தகராறுக் குழு. ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பு வெளியிடும் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தத்தின் 2017 சிவப்புப் பதிப்பில் வேலை தொடங்கும்போதே ஒருவர் அல்லது மூவர் கொண்ட குழுவை நியமிக்க வேண்டும். செலவை இரு தரப்பும் பாதிப் பாதி ஏற்கும். உறுப்பினர்கள் அவ்வப்போது தளத்துக்கு வந்து பார்ப்பார்கள். அதனால் பாறை எந்த ஆழத்தில் வந்தது என்று பின்னாளில் சாட்சி வைத்து நிரூபிக்கும் பாடு பெரிதும் குறையும். இந்த வழியின் பெரிய பலம் இதுதான். ஆனாலும் மாதாமாதம் கட்டும் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று பலர் முதலில் வெட்டுவது இதைத்தான். சண்டை வந்தபின் குழு அமைக்கப் போனால், யாரை நியமிப்பது என்பதே முதல் தகராறாகிவிடும்.

கெடுக் கணக்கையும் பார்த்துவிடலாம். பாறை தெரிந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவிப்பு, அதே நாளிலிருந்து 84 நாளுக்குள் முழு விவரக் கோரிக்கை. அது கிடைத்ததும் பொறியாளர் (ஒப்பந்தத்தை நிர்வகிக்க உரிமையாளர் நியமிப்பவர்) இரு தரப்பையும் பேசவைக்க 42 நாள், உடன்பாடு வராவிட்டால் தானே தீர்மானிக்க இன்னொரு 42 நாள். தீர்மானம் பிடிக்காவிட்டால் 28 நாளுக்குள் ஆட்சேபம், அதிலிருந்து 42 நாளுக்குள் குழுவிடம் ஒப்படைப்பு, குழு முடிவெடுக்க 84 நாள். ஒவ்வொரு கெடுவையும் கடைசி நாள்வரை இழுத்தால் மொத்தம் 322 நாள். பொறியாளர் பதிலே சொல்லாமல் காலம் கடத்தினால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாகவே பொருள். 'பதில் வரட்டும்' என்று காத்திருப்பவர் நாளைத்தான் இழக்கிறார்.

குழுவின் முடிவு உடனே கட்டுப்படுத்தும்; ஆட்சேபம் இருந்தாலும் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வாதாட வேண்டும். கட்டாவிட்டால் என்ன செய்வது? குழுவுக்கு ஜப்தி அதிகாரம் இல்லை. முடிவை மதிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நேரே நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அதற்கும் காலம் பிடிக்கும்.

அட்ஜுடிகேஷன். அந்த ஓட்டையை அடைப்பது இது. பிரிட்டனின் 1996 சட்டப்படி, தகராறு எழுந்ததும் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்புத் தரலாம். 7 நாளுக்குள் தீர்ப்பாளரிடம் கோப்பு போக வேண்டும். அங்கிருந்து 28 நாளில் முடிவு. பணம் வராவிட்டால் நீதிமன்றம் அமல்படுத்தித் தரும். தீர்ப்பாளர் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால்கூட அது பொதுவாகத் தடையாகாது. அதிகார வரம்பை மீறினாரா, இரு தரப்பையும் நியாயமாகக் கேட்டாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். குறை என்னவென்றால், கோருபவர் மாதக்கணக்கில் கோப்பைத் தயார்செய்து வைத்துக்கொண்டு திடீரென்று பாயலாம். எதிராளிக்குக் கிடைப்பது சில வாரம்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே போன்ற சட்டங்கள் உண்டு. ஆனால் அவை பணப் பட்டுவாடாத் தகராறுக்கானவை. பாறை உதாரணத்தில் பில் தொகையைக் கேட்கலாம்; கெடு நீட்டிப்பை மட்டும் தனியாகக் கேட்க அந்தச் சட்டங்கள் இடம் தராது.

நடுவர் மன்றம். உரிமையாளர் ஒரு நாட்டிலும் காண்ட்ராக்டர் வேறொரு நாட்டிலும் இருந்தால் இதற்கு ஈடில்லை. 1958 நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் தீர்ப்பை அமல்படுத்த முடியும். ரகசியம் காக்கலாம், கட்டுமானம் அறிந்தவரையே நடுவராக்கலாம். மேல்முறையீடு அநேகமாக இல்லை. வென்றவருக்கு வரம், தப்பான தீர்ப்பு வாங்கியவருக்குச் சாபம்.

இங்கே சொதப்புவது பெரும்பாலும் ஒப்பந்த வாசகம். 'செல்ல வேண்டும்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'செல்லலாம்' என்று எழுதுவது, இல்லாத நிறுவனத்தின் பெயரைப் போடுவது, சட்ட இருக்கையை (எந்த நாட்டு நடுவர் சட்டம் பொருந்தும் என்பதைக் காட்டும் இடம்) குறிப்பிடாமல் விசாரணை நடக்கும் ஊரை மட்டும் எழுதுவது. இப்படிப்பட்ட பிழைகளால் பாறையைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே வருடம் ஓடிவிடும்.

நீதிமன்றம். மெதுவானது, பகிரங்கமானது என்று இதை ஒதுக்குவார்கள். ஆனால் கட்டடம் ஒழுகும் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: வடிவமைப்பாளர், காண்ட்ராக்டர், நீர்த்தடுப்பு வேலை செய்த சப் காண்ட்ராக்டர், பொருள் விற்றவர் என நான்கு பேர் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். நால்வரையும் ஒரே வழக்கில் நிறுத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. நடுவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவரை நடுவர் மன்றம் பொதுவாக இழுக்க முடியாது. மன்றமே அமையாத நிலையில் வங்கி உத்தரவாதத்தை எதிராளி பணமாக்கப் போனாலும் தடை கேட்கப் பெரும்பாலும் நீதிமன்றப் படியைத்தான் ஏற வேண்டும். கிடைப்பது அரிது, மோசடி போன்ற வலுவான காரணம் வேண்டும்.

ஆகவே பாறைத் தகராறை வேலை ஓடும்போதே குழுவிடமோ அட்ஜுடிகேஷனுக்கோ கொண்டுபோவதே என் தேர்வு. பல தாமதக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் இறுதிக் கணக்கு என்றால் நடுவர் மன்றம். எதில் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்த 28 நாள் அறிவிப்பின் நகல். தளக் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னோம் என்பது அறிவிப்பாகாது. தேதி, நிகழ்வு, ஒப்பந்த எண் மூன்றும் போட்டு, அது கோரிக்கைக்கான அறிவிப்பு என்பதையும் எழுதி, பொறியாளருக்கு அனுப்பி, உரிமையாளருக்கும் நகல் போட்டு, கிடைத்ததற்கான ஒப்புகையைக் கோப்பில் வையுங்கள்.