ஃபிரேம் ரிலே டிராஃபிக் ஷேப்பிங்: பல வருடம் ஓட்டிப் பார்த்தபின்

ஃபிரேம் ரிலே என்பது கிளை அலுவலகங்களை இணைக்க முன்பு வாடகைக்கு எடுத்த பழைய லைன் வகை. டிராஃபிக் ஷேப்பிங் என்பது ரவுட்டர் அதில் அனுப்பும் வேகத்துக்கு வரம்பு வைப்பது. சிஸ்கோ ரவுட்டரில் இந்த ஷேப்பிங்கை ஆன் செய்ய ஒரே ஒரு வரி போதும். மொத்த கான்ஃபிக்கிலும் ஆபத்தான வரியும் அதுதான். சீரியல் இன்டர்ஃபேஸில் 'ஃபிரேம்-ரிலே டிராஃபிக்-ஷேப்பிங்' என்று அடித்து என்டர் தட்டியதும், மேப்-கிளாஸ் (வேக அமைப்புகளின் தொகுப்பு) கட்டாத பிவிசி (ஒரு கிளைக்கான மெய்நிகர் இணைப்பு) எல்லாம் 56 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 512 கே வாங்கிய கிளைக்கும் அதே 56தான். எச்சரிக்கை எதுவும் வராது. இன்டர்ஃபேஸ் 'அப்' என்றே காட்டும், கிளைகளிலிருந்து போன் மட்டும் வர ஆரம்பிக்கும். 'ஷோ டிராஃபிக்-ஷேப்' பட்டியலில் 875 பைட், 125 மில்லிசெகண்ட் என்று நின்றால் அந்த பிவிசி டீஃபால்ட்டில் ஓடுகிறது என்று பொருள். அதனால் நான் மேப்-கிளாஸ்களை முதலில் எழுதி, ஒவ்வொரு டிஎல்சிஐக்கும் (பிவிசியின் அடையாள எண்) கட்டி முடித்த பிறகுதான் அந்த வரியைத் தொடுவேன்.

நான் பார்த்துக்கொண்டது சாதாரண ஹப்-ஸ்போக் நெட்வொர்க், எல்லாக் கிளையும் தலைமை அலுவலகத்தோடு இணையும் அமைப்பு. தலைமை அலுவலகத்தில் 2600 வரிசை ரவுட்டர், 2 எம்பி லைன். கிளைகளில் 1700, பெரும்பாலும் 64 கே. தலைமையிலிருந்து ஒரு பெரிய ஃபைல் கிளம்பினால் ரவுட்டர் 2 எம்பி வேகத்தில் தள்ளும். மறுமுனையிலோ 64 கே வாசல். நடுவிலிருக்கும் சுவிட்ச் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அப்புறம் கொட்டிவிடும். எதைக் கொட்டுகிறோம் என்று அது பார்ப்பதில்லை. கிளையில் டெல்நெட் திரை உறைந்து நிற்கும். லைன் கொடுத்தவரைக் கூப்பிட்டால் "லைன் கிளீனா இருக்கு சார், எரரே இல்ல" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை, சிஆர்சி எரர் (வழியில் பிட் சிதைந்த பிழை) நிஜமாகவே பூஜ்யம்தான். ஷேப்பிங் போட்டதும் அந்தக் கூட்டம் நம் ரவுட்டரின் க்யூவுக்கு வந்துவிடும். எது முந்த வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். இந்த ஒரு பலனுக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

அடுத்தது பிசி, அதாவது ஒரு இடைவெளியில் அனுப்ப விடும் பிட் அளவு. சிஐஆர் (ஷேப் செய்யும் சராசரி வேகம்) 64000, பிசி 8000 என்றால் இடைவெளி 125 மில்லிசெகண்ட். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பிட் வெளியே போவது எப்போதும் லைனின் முழு வேகத்தில்தான். 2 எம்பி லைனில் 8000 பிட் சுமார் 4 மில்லிசெகண்டில் போய்விடும். மிச்சம் 121 மில்லிசெகண்ட் அந்த பிவிசி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். மெயிலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. குரல் அழைப்பு ஓடினால் வார்த்தை விட்டு விட்டுக் கேட்கும். வாய்ஸ் போகும் பிவிசியில் பிசியை சிஐஆரில் நூற்றில் ஒரு பங்காக, அதாவது 640 ஆக வைத்தால் இடைவெளி 10 மில்லிசெகண்டுக்கு வந்துவிடும். 640 பிட் என்பது 80 பைட். 64 கே லைனுக்கு எஃப்ஆர்எஃப்.12 (பெரிய பாக்கெட்டைத் துண்டாக்கும் முறை) துண்டின் அளவும் அதே 80 பைட்தான். துண்டாக்காமல் விட்டால் ஒரு 1500 பைட் பாக்கெட் 64 கே லைனை 187 மில்லிசெகண்டுக்கு மேல் அடைத்துக்கொள்ளும், பிசியை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. துண்டாக்குவதை இரண்டு முனையிலும் போட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போட்டால் வேலைக்கு ஆகாது. பிஇ-யை (பிசிக்கு மேல் அனுப்ப விடும் உபரி அளவை) பூஜ்யமாகவே வைத்துவிடுங்கள். உபரியாக அனுப்பும் ஃபிரேமில்தான் 'கொட்டலாம்' என்று குறிக்கும் டிஇ பிட் விழும், நெரிசல் வந்தால் முதல் பலியும் அதுதான்.

நெரிசலிலும் வேகம் இதற்குக் கீழே இறங்காது என்ற வரம்பான மின்சிஐஆரைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. எதுவும் எழுதாவிட்டால் அது சிஐஆரில் பாதி. எல்எல்க்யூ (குரலுக்கு முன்னுரிமை தரும் க்யூ) பாலிசியை மேப்-கிளாஸில் கட்டும்போது ரவுட்டர் கணக்குப் போடுவது சிஐஆரை வைத்து அல்ல, இந்த மின்சிஐஆரை வைத்து. 64 கே லைனில் அது 32 ஆகி, அதில் 75 சதவீதம் என்று 24 கே மட்டும் கைக்கு வரும். ஹெடரைச் சுருக்காத ஒரு ஜி.729 (குரலைச் சுருக்கும் கோடெக்) அழைப்பே ஐபி அளவில் 24 கே, ஃபிரேம் ரிலே தலைப்பையும் சேர்த்தால் 26ஐத் தாண்டும். பாலிசி ஒட்டாது. மின்சிஐஆரையும் சிஐஆருக்குச் சமமாக எழுதிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

பெக்கான் (நெரிசலை அறிவிக்கும் பிட்) பார்த்து வேகத்தைக் குறைக்கும் அடாப்டிவ் ஷேப்பிங்கைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பெக்கான் வந்தால் ஒவ்வொரு இடைவெளிக்கும் 25 சதவீதம் குறைத்து மின்சிஐஆர் வரை இறங்கும், ஏறுவது மெதுவாக. யோசனை நல்லதுதான். ஆனால் அந்த பிட் எதிர்த்திசையில் வரும் ஃபிரேமில் ஏறித்தான் நம்மை அடைய வேண்டும், அதையும் நெட்வொர்க்காரர் போட்டு அனுப்ப வேண்டும். எங்கள் லைனில் 'ஷோ ஃபிரேம்-ரிலே பிவிசி' அடித்தால் பாக்கெட் தொலைந்துகொண்டிருந்த நாட்களிலும் உள்வரும் பெக்கான் கவுண்டர் அசையவே இல்லை. மின்சிஐஆரைச் சிஐஆருக்குச் சமமாக வைத்த பிவிசியில் இறங்க இடமும் கிடையாது. எடுத்துவிட்டேன்.

'ஷோ டிராஃபிக்-ஷேப் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' அடித்து 'ஷேப்பிங் ஆக்டிவ்' என்ற இடத்தில் 'நோ' என்று கண்டால் பதற வேண்டாம். க்யூவில் பாக்கெட் காத்திருக்கும்போதுதான் அது 'யெஸ்' ஆகும். வேலை நேரத்தில் மாறி மாறிக் காட்டினால் சரியாக இருக்கிறது. நாள் முழுக்க 'யெஸ்' என்றால் லைனைப் பெரிதாக்க வேண்டிய வேளை, ஷேப்பிங்கால் அகலம் கூடாது.

பிற்பாடு ஃபிரேம் ரிலே போய் ஈதர்நெட் லிங்க் வந்தது. 100 எம்பி போர்ட்டில் 10 எம்பி ஒப்பந்தம், மிஞ்சினால் எதிர்ப்பக்கம் வெட்டித் தள்ளும். பாலிசி-மேப்பில் 'ஷேப் ஆவரேஜ்' 10 எம்பி என்று வைத்து, அதற்குள் வாய்ஸ் க்யூவை அடக்கினேன். டிஎல்சிஐ எண்ணை மனப்பாடம் செய்யும் தொல்லை ஒன்றுதான் குறைந்தது.