லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்: மேடையா, திரையா?

ரத்தம் குடித்து வளரும் ஒரு செடி, அதை வளர்க்கும் அப்பாவிப் பூக்கடை ஊழியன் சீமோர். 1982இல் நியூயார்க்கில் மேடையேறிய இந்த நகைச்சுவை இசை நாடகத்தை ஃபிராங்க் ஆஸ் 1986இல் படமாக்கினார். இரண்டிலும் சீமோரின் காதலி ஆட்ரியாக நடித்தது எலன் கிரீன்தான். அந்தக் குரலுக்காகவே இரண்டையும் பார்க்கலாம்.

செடி என்று வந்தால் படம்தான் ஒரு படி மேல். பாடும் செடியாக வந்த ராட்சதப் பொம்மையின் உதடுகள் பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்காததால், கேமராவைக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் படம்பிடித்து, இயல்பான வேகத்தில் திரையிட்டார்கள். சீமோராகக் கூட நடித்த ரிக் மொரானிஸும் மெதுவாக அசைந்து, மெதுவாக வாயசைக்க வேண்டியிருந்தது. திரையில் அது துளியும் தெரியாது.

ஆனால் முடிவு? மேடையில் செடி சீமோர், ஆட்ரி இருவரையும் விழுங்கிவிடும். கடைசியில் கொடிகள் பார்வையாளர்களின் தலைக்கு மேலேயே வந்து தொங்கும். படத்துக்கும் முதலில் சோக முடிவைத்தான் எடுத்தார்கள். முன்னோட்டக் காட்சியில் ரசிகர்களுக்குப் பிடிக்காமல் போகவே, காதலர்கள் பிழைப்பதாக மாற்றினார்கள். மேடையில் செத்தவர்கள் திரும்ப வந்து வணங்கிக் கைதட்டல் வாங்குவார்கள், திரையில் அந்த வசதி இல்லை என்பது இயக்குநர் சொன்ன காரணம். சரி, நியாயம்தான். இருந்தாலும் ஆசைக்கு விலையே கொடுக்காமல் தப்பிக்கும் சீமோர் எனக்கு ஒட்டவில்லை. படம்தான் பார்ப்பேன் என்பவர்கள், பழைய முடிவோடு 2012இல் வெளியான பதிப்பைத் தேடிப் பாருங்கள்.