ஓடுற டேட்டாபேஸுக்கு "ஸ்னாப்ஷாட் பேக்கப்" விக்கிறவங்ககிட்ட உஷார்

ஒரு மொத்த வியாபாரக் கடையோட பில்லிங் சாஃப்ட்வேரை நாங்கதான் பாத்துக்குறோம், பின்னாடி ஓடுறது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். பேக்கப் மட்டும் ஒரு ஹோஸ்டிங் கம்பெனி பொறுப்பு, பேர் வேணாம். டேட்டாபேஸை நிறுத்தாமலே தினமும் "அப்ளிகேஷன் கன்சிஸ்டென்ட்" ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில டிஸ்க் இருக்குறபடியே, டேட்டாபேஸ் குழம்பாம எழுந்திரிக்கிற மாதிரி எடுக்குற காப்பி) எடுப்போம்னு கொட்டேஷன்லயே போட்டு, அதுக்குத் தனி சார்ஜ் வேற.

போன மாசம் டிஸ்க் போச்சு. அவங்க ரீஸ்டோர் பண்ணா டேட்டாபேஸ் எந்திரிக்கல, செக்பாயின்ட் ரெக்கார்ட் (இதுவரைக்கும் உள்ளது டேட்டா ஃபைல்ல எழுதியாச்சுங்குற குறிப்பு) கிடைக்கலன்னு பேனிக் எரர் அடிச்சு நின்னுடுச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் போனே எடுக்கல, திடீர்னு "சார் ரெடி, யூஸ் பண்ணிக்கலாம்"னு மெசேஜ். கடையில பில் போட ஆரம்பிச்சாங்க, சாயங்காலம் பாத்தா ஒரே நம்பர்ல ரெண்டு பில், அதுவும் ஒரே நம்பர் ரெண்டு தடவை வராம தடுக்குற ப்ரைமரி கீ இருக்குற டேபிள்ல! ஐட்டம் கோட் போட்டுத் தேடுனா வராத சரக்கு, மொத்த ரிப்போர்ட்ல மட்டும் வருது.

ஷெல் ஹிஸ்டரியில எட்டிப் பாத்தா பிஜி_ரீசெட்வால் ஓட்டிருக்கானுங்க. அது வேற வழியே இல்லன்னா கடைசியா தொடுற ஆயுதம், வால் லாக்கை (ஒவ்வொரு மாத்தத்தையும் முதல்ல எழுதி வைக்கிற பதிவேடு) தூக்கி எறிஞ்சுட்டு டேட்டாபேஸை எழுப்பி மட்டும் விடும். எழுந்ததும் மொத்த டேட்டாவையும் டம்பா வெளிய எடுத்து, புது கிளஸ்டர்ல (காலியா புதுசா உருவாக்குன டேட்டாபேஸ் அமைப்பு) ஏத்தி, தப்பு இருக்கான்னு பாத்துட்டுதான் யூஸ் பண்ணணும்னு மேனுவல்லயே இருக்கு. இதுல எதையும் செய்யாம, ஒரு வார்த்தை சொல்லாம கையில குடுத்துட்டாங்க.

மூல காரணம் ஸ்னாப்ஷாட் ஸ்கிரிப்ட். டேட்டா ஒரு டிஸ்க்ல, வால் லாக் இன்னொரு டிஸ்க்ல. முதல்ல வால் டிஸ்கை எடுத்து, அது முடிஞ்சப்புறம் டேட்டா டிஸ்கை எடுத்திருக்காங்க, நாளேட்டைக் காலையிலயும் பேரேட்டைச் சாயங்காலமும் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி. நடுவுல ஒரு செக்பாயின்ட் நடந்துட்டா, டேட்டா பக்கம் இருக்குற கன்ட்ரோல் ஃபைல் காட்டுற செக்பாயின்ட் ரெக்கார்ட் அந்த வால் காப்பியில இருக்கவே இருக்காது. ரெண்டு டிஸ்கையும் ஒரே நொடியில எடுத்திருந்தா கரன்ட் போய் வந்த மாதிரி தானா ரெக்கவர் ஆகியிருக்கும், அமேசான் கிளவுட் டிஸ்க்கான ஈபிஎஸ்ல அப்படிப் பல டிஸ்கைச் சேத்து எடுக்குற வசதி 2019ல இருந்தே இருக்கு. அது முடியலன்னா போஸ்ட்கிரெஸுக்கு பிஜி_பேக்கப்_ஸ்டார்ட் கமாண்ட் குடுத்து, காப்பி எடுத்து, ஸ்டாப் குடுத்து, அது தர்ற லேபிள் ஃபைலையும் நடுவுல வந்த வால் மொத்தத்தையும் சேத்து வைக்கணும் (15க்கு முந்தின வெர்ஷன்ல பேரு பிஜி_ஸ்டார்ட்_பேக்கப்). இவங்க ஸ்கிரிப்ட்ல ரெண்டுமே இல்ல, அப்புறம் என்ன "அப்ளிகேஷன் கன்சிஸ்டென்ட்"னு கேட்டா ஃபைல்சிஸ்டத்தை ஃப்ரீஸ் பண்ணோமே (காப்பி எடுக்குறப்ப டிஸ்க்ல எழுதுறதை நிறுத்தி வைக்கிறது) சார்ங்குறான். தனித்தனி நேரத்துல ஃப்ரீஸ் பண்ணி என்ன பிரயோஜனம்?

இந்த மாதிரி சர்வீஸ் வாங்கப் போறவங்க, எல்லா டிஸ்கும் ஒரே நேரத்துல எடுக்குறீங்களான்னு கேட்டு ஸ்கிரிப்டையும் காட்டச் சொல்லுங்க. அப்படியே வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி டேட்டாபேஸ்ல சேதம் இருக்கான்னு பாக்குற பிஜி_ஆம்செக் டூலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, போஸ்ட்கிரெஸ் 14ல இருந்து கூடவே வருது. எங்க கேஸ்ல காசைத் திருப்பிக் கேட்டதுக்கு "ஸ்னாப்ஷாட் சக்சஸ்"னு டேஷ்போர்ட் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிருக்காங்க, அடுத்த மாச இன்வாய்ஸும் சேத்து.