மலேரியா ரத்தப்பூச்சு ஸ்லைடு: தாராளமாக வாங்கலாம்

ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரம் (மலேரியா ஒட்டுண்ணி) ஸ்லைடு, ஜீம்சா சாயம் அருமையாகப் பிடித்திருக்கிறது. எண்ணெய் விட்டு 1000 மடங்கில் பார்த்தால் சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் போல ஒட்டுண்ணி, சில அணுக்களில் இரண்டு மோதிரம்கூட. முதிர்ந்த நிலை ஒன்றையும் காணோமே என்று வெகுநேரம் தேடினேன், ஆனால் அது ஸ்லைடின் குறை இல்லை. உள்ளே புகுந்த ஒட்டுண்ணி வளர வளரத் தன் புரதங்களை அணுவின் வெளிச்சவ்வுக்கு அனுப்பிச் சின்னச் சின்ன முண்டுகளை எழுப்புகிறது, அப்புறம் அந்த அணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரலின் வடிகட்டலிலிருந்து தப்பிவிடுகிறது. அதனால்தான் விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் பெரும்பாலும் மோதிர வடிவ இளசுகளே சிக்குகின்றன. முண்டுகளைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். ஓரத்தில் சாயம் திட்டுத்திட்டாக இருக்கிறது, சரி, நடுப்பகுதியே போதும். பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர்கள் தயங்க வேண்டாம்.