ஹன்தான் மரபுத்தொடர் நடை: சந்துக்காகப் போகலாம், கடைக்காக அல்ல

பெய்ஜிங் மேற்கு நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஹன்தான் வந்துவிடும். கி.மு. 386 முதல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல், பண்டைச் சீன அரசுகளில் ஒன்றான ஜாவ் நாட்டின் தலைநகர். ‘செங்யூ’ என்னும் சீன மரபுத்தொடர்களில் ஏராளமானவை இந்த ஊர்க் கதைகளிலிருந்து வந்தவை. அந்த இடங்களை நடந்தே காட்டும் அரை நாள் சுற்றுலாவுக்கு ஒருவருக்கு 180 யுவான். வழிகாட்டிப் பெண் நல்ல ஆங்கிலம் பேசுகிறார்.

தொடக்கம் சோங்தாய் மேடை. ஜாவ் அரசர் வூலிங் படையைப் பார்வையிட்ட இடம் என்பார்கள். இப்போது நிற்பது பிற்காலத்தில் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டது என்பதை வழிகாட்டியே முதலில் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கே ஒரு மதிப்பெண் கூட்டிப் போடலாம்.

கொடுத்த காசு தகும் என்று தோன்றியது ஹுய்சே சந்தில்தான். எதிரே ஒரு மின் ஸ்கூட்டர் வர, எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றோம். வழிகாட்டி அதையே பிடித்துக்கொண்டு கதையைத் தொடங்கினார். பதினைந்து நகரங்கள் தருவதாக ஆசைகாட்டி, எதிரி நாடான சின்னின் அரசன் கேட்ட பச்சைக்கல் வட்டை, பழுதில்லாமல் நாடு திரும்பச் செய்தவர் ஜாவ் தூதர் லின் சியாங்ரூ. அதிலிருந்து அவருக்குப் பதவி மேல் பதவி வந்தது. போர்க்களத்தில் தழும்பேறிய தளபதி லியான் போவுக்கு வயிறு எரிந்தது. கண்ட இடத்தில் அவமானப்படுத்துவேன் என்றார். லின்னோ அவர் வருவதைக் கண்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் இருவரும் இருப்பதால்தான் சின் நம்மைத் தொடத் தயங்குகிறது, இருவரும் மோதினால் நாடு என்னாவது என்பது அவர் கணக்கு. செய்தி காதில் விழுந்ததும் லியான் போ மேலாடை களைந்து, முதுகில் முள்விறகைச் சுமந்து வாசலில் போய் நின்றார். இதெல்லாம் இந்தச் சந்தில்தான் நடந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாதபடி சொன்னார்.

ஊரார் நடையைக் கற்கப் போய்த் தன் நடையையே மறந்தவன் கதைக்குரிய ‘நடை பழகிய பாலத்தில்’ கதையைவிடப் படம் எடுத்த நேரம் அதிகம். போகட்டும்.

பொறுக்க முடியாமல் போனது சாங்பிங் போர். ‘காகிதத்தில் போர் பேசுவது’ என்ற தொடருக்கு, ஏட்டுப் படிப்பாளி ஜாவ் குவோ தோற்றான் என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். கி.மு. 260இல் சரணடைந்த நான்கு லட்சம் பேர் கொன்று புதைக்கப்பட்டதாகப் பண்டைய வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதும் போர் அது! சின்னின் ஒற்றர்கள் பரப்பிய வதந்தியை நம்பி லியான் போவை நீக்கி, ஜாவ் குவோவைத் தளபதியாக்கியவர் அரசர். நோயில் கிடந்த லின்னே தடுத்தார்: நரம்பை ஏற்றி இறக்கும் கட்டைகளைப் பசையிட்டு ஒட்டிவிட்டு யாழ் வாசிப்பதா என்று. அதுவும் ஒரு செங்யூதான். அரசர் தந்த பொன்னையும் பட்டையும் வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, விலைக்கு வரும் நிலம் தேடுகிறான் என் மகன், அவனை அனுப்பாதீர்கள் என்று பெற்ற தாயே மன்றாடினாள். சந்தில் கேட்ட கதையின் மறுபாதி இது. இதற்கு நேரமில்லை, நினைவுப்பொருள் கடையில் காந்த பொம்மை பார்க்க மட்டும் அரை மணி நேரம் இருந்தது.

தினைச்சோறு வேகும் நேரத்தில் ஒரு வாழ்நாளையே கனவாகக் கண்டவனின் கோயில் நகருக்கு வடக்கே இருக்கிறது. இந்த நடையில் அது சேராது, தனியாகப் போக வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை. முன்பதிவு செய்யும்போதே கடை வேண்டாம், சாங்பிங் கதை முழுதாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.